வழி சொல்பவர் யார்?



அறியாத ஊரில் ஒருவரிடம் வழி கேட்கிறோம். அவர் காட்டிய பக்கம் நடக்கிறோம். அவர் வஞ்சகராக இருந்தால் நம் கதி என்ன? இணையத்திலும் இதே இக்கட்டு நேர்ந்ததுண்டு. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. நாமோ பெயர்களையே நினைவில் வைக்கிறோம். 1970ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்னும் கணினி வலையில், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய அலுவலகம் அதைப் பேணி வந்தது. கணினிகள் பெருகவே, ஒரே பட்டியல் போதாமற் போயிற்று. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அப்பணியைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். அதுவே டி.என்.எஸ்.

ஆகவே, யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதை வீட்டுக் கணினி ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் இணையச் சேவை தரும் நிறுவனமே அந்த எண்ணைக் கொடுக்கும்.

2007 முதல் எஸ்தோனியாவிலிருந்து இயங்கிய ஒரு கும்பல் அந்த எண்ணில்தான் கைவைத்தது. அவர்கள் பரப்பிய தீய நிரல், கணினிக்குடையவர் அறியாமலே அதை மாற்றி, தங்கள் சர்வர்களைச் சுட்டச் செய்தது. சரியான பெயரைத் தட்டியவர்களும் வேறு பக்கங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இழுத்துச் செல்லப்பட்டனர். உலகெங்கும் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன.

2011 நவம்பரில் எஸ்தோனியர் அறுவர் கைதாயினர். ஆனால் அந்தச் சர்வர்களை உடனே நிறுத்தினால், குற்றமற்ற குடும்பங்களின் கணினிகள் வழி கேட்க ஆளின்றித் தவிக்குமே! எனவே நீதிமன்ற ஆணைப்படி, அவற்றின் இடத்தில் நேர்மையான சர்வர்கள் தற்காலிகமாக வைக்கப்பட்டன. 2012 மார்ச்சில் முடிய வேண்டிய தவணை, 2012 ஜூலை 9 வரை நீட்டிக்கப்பட்டது. எண்ணைத் திருத்திக்கொள்ள மக்களுக்குக் கிடைத்த அவகாசம் அது. அப்படியும் திருத்தாதவர்கள் பலர் இருந்தனர்.

திருடன் மாற்றிய அந்த எண்ணை நாமும் மாற்றலாம். 2009இல் கூகள் நிறுவனம் 8.8.8.8 என்ற எண்ணில் எவரும் வழி கேட்க வசதி செய்தது. ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். நாம் எங்கெங்கே போக நினைக்கிறோம் என்பதும் வழி சொல்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எண்ணை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். யாரை நம்புவது என்பதைத்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.