சொந்தமா யாட் வாங்கினா எங்கே நிறுத்துறது? மரக்காணம் கடற்கரை ஏன் கைகொடுக்காது? | விளக்கம்

விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவிலை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் இரும்பை. சம்பந்தர் தேவாரம் பெற்ற மகாகாளேஸ்வரர் கோயிலுக்குப் பேர்போனது. இங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். ஈசிஆரில் வடக்கே திரும்பினால் மரக்காணம் உப்பளங்கள். வருஷம் முழுக்க வெயில், மார்கழியில்கூட வெதுவெதுப்பான கடல், ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் ஆள்கூலியும் குறைவு. அப்போ ஒரு மோட்டார் யாட் வாங்கி இங்கேயே நிறுத்திக்கலாமே, செலவும் கம்மியாகுமே என்று கையில் காசு இருப்பவருக்குத் தோன்றுவது இயல்புதான்.

ஆனால் கோட்டக்குப்பத்தில் தொடங்கி மரக்காணம் வரைக்கும், 40 அடி யாட் ஒன்றை ஒரே ஒரு ராத்திரி நிம்மதியாகக் கட்டி வைக்க ஓரிடம்கூடக் கிடையாது. ஏன் இப்படி? பக்கத்தில் வேறு எங்கே நிறுத்தலாம்? செலவு எங்கே போய் நிற்கும்? பார்க்கலாம்.

ஹோம் போர்ட் என்றால் என்ன?

காருக்கு வீட்டு ஷெட் எப்படியோ, யாட்டுக்கு ஹோம் போர்ட் அப்படி. ஊர் சுற்றாத நாளெல்லாம் படகு நிற்கும் இடம். காரை ஷெட்டில் விட்டால் அது அசையாமல் நிற்கும். படகு அப்படி இல்லை, கட்டிப்போட்டாலும் ஆடிக்கொண்டே இருக்கும். அலை நேராக வந்து மோதாத இடம் வேண்டும். 40 அடி, அதாவது 12 மீட்டர் மோட்டார் யாட் தண்ணீருக்குள் சுமார் 1 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக முழுகியிருக்கும் என்பதால், உள்ளே நுழையும் வாயில் எந்த நேரத்திலும் 2 மீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய, புயல் வந்தால் காப்பாற்ற, படகைத் தூக்கிக் கரையில் வைக்கும் வசதியும் பக்கத்திலேயே இருக்கணும்.

வாடகை எவ்வளவு என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான். விலை குறைந்த துறைமுகம் தேடுகிற பலர் வாடகையில்தான் தொடங்குகிறார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அந்தக் கணக்கு சரிப்படாது.

முன்னாடி இங்கே துறைமுகம் இருந்ததே?

நியாயமான கேள்வி. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கொஞ்சம் வடக்கே இருக்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நாணயம் அடிக்கும் சாலையும் படகுத்துறையும் அங்கே இருந்தன. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இடிந்த செங்கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் காலத்துத் துறைமுகம் வேறு. பாண்டிச்சேரி, மெட்ராஸ் உட்பட இந்தக் கரையில் பெரிய கப்பல்கள் கரைக்கு வரவே இல்லை. ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நின்றன. கயிற்றால் தைத்த மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் சரக்கையும் ஆளையும் அலை தாண்டிக் கொண்டுவந்தன. (இன்றைக்குக் கோடிகளில் விலை போகும் 'கேட்டமரான்' யாட்டுகளின் பெயர் நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான்!) ஐப்பசி பிறந்தால் கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கோ பம்பாய்க்கோ கிளம்பிவிடும். கிளம்பாமல் இருந்தால்? 1761 ஜனவரி 1-ம் தேதி அடித்த புயலில், பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன.

அதாவது, இந்தக் கரை சரக்கு இறக்க வந்துபோகும் இடமாக இருந்தது. வருஷம் முழுக்கக் கப்பலை விட்டுவைக்கிற இடமாக எப்போதும் இருந்ததில்லை.

மணல் நடக்கும் கடற்கரை

சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். அலையைத் தடுக்க ஒரு வளைகுடாவோ தீவோ மலைமுனையோ கிடையாது. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த மணல் ஓட்டத்துக்குக் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2 பெரிய உதாரணங்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870-களில் கடலுக்குள் நீண்டன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நகரத்துக் கடற்கரையில் மணலே போய்விட்டது. கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று இரும்பைக்கு நேர் கிழக்கே இருக்கும் மீனவக் குப்பங்கள் வரிசையாக அடிவாங்கின. தூண்டில் வளைவு கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தது பல முறை செய்தியானது. பிறகு புதுச்சேரியில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கி, நகரக் கடற்கரையில் கொஞ்சம் மணலை மீட்டார்கள்.

அதனால், இங்கே சின்னதா ஒரு மரினா கட்டிட்டா என்ன என்று கேட்டால், அதற்கான விலையைப் படகுக்காரர் கொடுக்க மாட்டார். வடக்கே இருக்கும் அடுத்த குப்பம்தான் கொடுக்கும்.

கழுவெளிக்குள் நிறுத்த முடியாதா?

மேப்பில் பார்த்தால் ஆசை வரும். மரக்காணத்துக்குப் பின்னால் கழுவெளி, எடையன்திட்டு கழிமுகம், பக்கிங்காம் கால்வாயின் தென்முனை என எங்கும் தண்ணீர். ஒரு காலத்தில் உப்பு மூட்டைகள் இந்தக் கால்வாய் வழியே மெட்ராஸுக்குத் தோணியில் போயின.

முதல் சிக்கல் ஆழம். உப்பளத்துக்கு ஏற்ற நிலம் என்றாலே தட்டையான, ஆழம் குறைந்த நிலம் என்றுதான் அர்த்தம். முகத்துவாரத்தில் மணல்திட்டு வளரும், மழைவெள்ளம் வந்தால் உடையும், கோடையில் மறுபடி மூடும். இந்தக் கரையில் கடல் ஏற்றவற்றம் சுமார் 1 மீட்டர்தான் என்பதால், ஏற்றத்தின்போது நுழைந்துவிடலாம் என்ற கணக்கும் பெரிதாக உதவாது.

அடுத்தது சட்டம். கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆலம்பரை, எடையன்திட்டு பகுதியில் மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசே போட்ட திட்டம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. மீனவர்களின் படகுக்கே இந்த நிலை என்றால், உல்லாசப் படகுக்கு வழி திறக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

மீனவர்கள் என்ன செய்கிறார்கள்?

விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஃபைபர் படகைத் தண்ணீரில் விட்டுவைப்பதில்லை. வேலை முடிந்ததும் மணலில் ஏற்றிவிடுகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டிராக்டர் வைத்து இன்னும் மேட்டுக்கு இழுக்கிறார்கள். மணலில் ஏற்ற முடியாத விசைப்படகு வைத்திருப்பவர்கள் புதுச்சேரி தேங்காய்த்திட்டு, கடலூர், சென்னை காசிமேடு மாதிரி ஆற்றுமுகத்திலோ துறைமுகத்திலோ நிறுத்துகிறார்கள்.

யாட் வாங்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. 7 மீட்டருக்குள் அடங்கும் படகு என்றால் டிரெய்லரில் ஏற்றி இரும்பை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். போர்ட் வாடகையே கிடையாது. பெரிய படகுதான் வேணும் என்றால், விசைப்படகுக்காரர் போகும் வழியில்தான் போகணும்.

பக்கத்தில் எங்கே நிறுத்தலாம்?

தூரத்தில் முதலிடம் புதுச்சேரிக்கு. மரக்காணத்திலிருந்து சாலை வழியே 35, 40 கிலோமீட்டர்தான். உள்ளே போய்விட்டால் அலை இல்லை. ஆனால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டே இருக்கும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராட வேண்டியிருக்கும். விசைப்படகு நெரிசலும் உண்டு. குறிப்பாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மொத்தப் படகும் உள்ளேதான் நிற்கும், பழுதுபார்ப்பும் அப்போதுதான் நடக்கும். அந்த நேரத்தில் கிரேனும் மெக்கானிக்கும் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சென்னைத் துறைமுகம் ஆழமானது, சுவர் பலமானது. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேதான் இருக்கிறது. கிளப் உறுப்பினர் ஆகணும், துறைமுகப் பாதுகாப்பு அனுமதிகள் வாங்கணும், உள்ளே போக வர நேரம் ஆகும். ஆனாலும் வட தமிழகக் கரையில் யாட்டைப் புரிந்துகொண்ட ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான்.

யாட்டுக்கென்றே கட்டிய மரினா வேண்டும் என்றால் கேரளா. கொச்சி போல்காட்டி தீவில் 2010-ல் திறந்த மரினாவைக் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. உள்நாட்டுக் காயலுக்குள் இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் அலை நேரடியாக வராது. வங்கக் கடல் புயல் பயமும் பெருமளவு குறையும். சிக்கல், அங்கே போய்ச் சேர்வது. சின்னப் படகுகள் முன்அனுமதி வாங்கி, பாம்பன் தூக்குப்பாலத்தைத் திறக்கும் நாளுக்காகக் காத்திருந்து கடக்கலாம். இல்லாவிட்டால் இலங்கையைச் சுற்றணும்.

வெளிநாட்டுப் படகுக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆசியாவில் சுற்றுகிற யாட்டுகள் நிறைய மலேசியாவின் லங்காவியில் நிற்கும். 1987 முதல் அது வரியில்லாத் தீவு. படகைத் தூக்கி வைக்கும் மரினாக்கள் உண்டு. எல்லாவற்றையும்விட, அது பூமத்தியரேகைக்கு 6 டிகிரி வடக்கே இருக்கிறது. அவ்வளவு அருகில் புயல் வருவது ரொம்ப அபூர்வம். சென்னையிலிருந்து 1,200 கடல் மைலுக்கு மேல் என்பதால் வார இறுதிக்குப் போய்வரும் கதை இல்லை. வருஷத்தில் ஒரே மாதம் கடலில் இருக்கப் போகிறவர் மட்டும் யோசிக்கலாம்.

கணக்கு எங்கே உதைக்கும்?

எரிபொருளில் தொடங்கலாம். படகு புதுச்சேரியிலோ இரும்பை பக்கத்திலோ இருக்கணும் என்று ஆசைப்பட்டு, பாதுகாப்புக்குச் சென்னையில் நிறுத்துகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மரக்காணத்துக்கு ஒரு வழி சுமார் 60 கடல் மைல். 12 மீட்டர் யாட் 20 நாட் வேகத்தில் ஓடினால் 3 மணி நேரம். 2 இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 120 லிட்டர் குடித்தால் 360 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஒரு வழிக்கே 33 ஆயிரத்துச் சொச்சம். வேகத்தை 7, 8 நாட்டுக்குக் குறைத்தால் டீசல் பாதிக்கும் கீழே வரும், ஆனால் பகல் முழுக்கப் பயணம்தான். இதற்குப் பதில் சென்னைக்குக் காரில் போய் அங்கிருந்தே படகை எடுப்பது எவ்வளவோ மேல்!

வெப்பக் கடலுக்கும் தனிச் செலவு உண்டு. குளிர் நாட்டில் ஒரு சீசன் முழுக்கத் தாங்கும் அடிப்பாக பெயின்ட், இங்கே சும்மா நிற்கும் படகில் சில மாதங்களிலேயே சிப்பியிடம் தோற்றுவிடும். சிப்பி ஒட்டினால் வேகம் குறையும், டீசல் ஏறும். வெயிலில் ரப்பர், கேன்வாஸ், ஃபைபரின் மேல்பூச்சு எல்லாம் சீக்கிரம் வெளுக்கும். படகு விலையில் வருஷத்துக்கு 10 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கணும் என்பது யாட் உலகில் புழங்கும் பொதுவான கணக்கு. வாங்கும்போதே உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் என்பதையும் மறக்கக்கூடாது.

கடைசியில் புயல். 2011 டிசம்பர் 30-ல் தானே, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே. 2020 நவம்பரில் நிவர், மரக்காணம் அருகே. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், புதுச்சேரி அருகே கரை கடந்து நகராமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படி ஒரு ராத்திரியில் திறந்த கரையில் மிதவையில் கட்டிய படகு மிஞ்சாது. துறைமுகத்துக்குள் நின்றாலும் பக்கத்துப் படகு அறுந்து வந்து மோதலாம்.

அதனால் இந்தக் கரையில் யாட் வைத்திருப்பவருக்கு ஆண்டு என்பது சுமார் 9 மாதம்தான். அக்டோபர் நடுவில் படகைத் தூக்கிக் கரையில் வைத்துக் கட்டி, அந்த இடைவெளியிலேயே பெயின்ட், இன்ஜின் வேலைகளை முடித்து, பொங்கலுக்குப் பிறகு இறக்குவதுதான் உருப்படியான வழி. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதையேதான் செய்கிறார்கள். ஆக, போர்ட் விசாரிக்கப் போகும்போது மாத வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது: படகைத் தூக்கும் கிரேன் எத்தனை டன் தாங்கும், அக்டோபரில் கரையில் இடம் உறுதியா, புயல் எச்சரிக்கை வந்தால் தூக்கும் வரிசையில் யாருக்கு முன்னுரிமை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் படகு தண்ணீரில் இருந்தால் இழப்பீடு உண்டா என்ற வரியையும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடணும்.