ஊர்ப் பெயர்களால் ஆன கோடை

சித்தப்பாவிடம் ஒரு பழைய நீல நிற டட்சன் இருந்தது. பள்ளி விடுமுறை விட்டதும் கிள்ளானிலிருந்து எங்கள் எல்லாரையும் அதில் அடைத்துக்கொண்டு போர்ட்டிக்சனுக்குப் புறப்பட்டுவிடுவார். காரில் இருந்ததே மூன்று கேசட்டுகள்தான். இரண்டு இளையராஜா. மூன்றாவது, பசார் மாலாமில் மலிவாக வாங்கிய பீச் பாய்ஸ் குழுவின் 'எண்ட்லெஸ் சம்மர்'. அதில் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' வரும்போது சித்தப்பா ஸ்டியரிங்கில் தாளம் போடுவார். ஆங்கிலம் அதிகம் தெரியாத சித்தி ஒருமுறை கேட்டார்: "என்னங்க இவன், பாட்டு பாடுறானா, பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுறானா? ஊர் பேரா சொல்லிக்கிட்டே போறான்."

நாங்கள் சிரித்தோம். அந்தப் பாட்டைப் பற்றி இதுவரை நான் கேட்ட விமர்சனங்களில் மிகச் சரியானது அதுதான் என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது.

'முடிவில்லாத கோடை' என்ற தலைப்பே எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இங்கே வருடம் முழுக்க வெயில்தானே, இதில் கொண்டாட என்ன இருக்கிறது? தமிழிலும் கோடை என்றால் வறண்ட குளமும் சுடும் மண்ணும்தான் நினைவுக்கு வரும். கோடை என்பது விடுதலை, கார், காதல், கடல் என்று எங்கள் தலையில் ஏற்றியது கலிஃபோர்னியா. அதுவும் பெரும்பாலும் மூன்று நிமிடம்கூட ஓடாத பாடல்களின் வழியாக.

'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' 1963 மார்ச்சில் வெளியானது. எழுதிய பிரையன் வில்சனுக்கு அப்போது இருபது வயது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே, கடலிலிருந்து சில மைல் உள்ளே இருக்கும் ஹாத்தோர்ன் என்ற புறநகர்ப் பையன். அலைச்சறுக்குக்குப் புகழ் சேர்த்த அவருக்கு அலைச்சறுக்கு வராது. குழுவில் அது தெரிந்த ஒரே ஆள் தம்பி டென்னிஸ். (அந்த டென்னிஸ்தான் 1983 டிசம்பரில் மரினா டெல் ரேயில் நீரில் மூழ்கி இறந்தார்.) ஆகவே பிரையன், காதலியின் சகோதரனிடம் எந்தெந்தக் கடற்கரையில் நல்ல அலை வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தப் பட்டியல்தான் பாட்டு. சித்தி சொன்னது சரி.

மெட்டு இன்னொருவருடையது. சக் பெர்ரி 1958இல் வெளியிட்ட 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' பாடலைக் கேட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மெட்டு மட்டுமல்ல, ஊர்களை வரிசையாக அடுக்கும் யோசனையும் அங்கிருந்து வந்ததுதான். பெர்ரி பாஸ்டன், பிட்ஸ்பர்க் என்று நகரங்களைச் சொன்னார். பிரையன் அந்த இடத்தில் கடற்கரைகளை வைத்தார். முதலில் வந்த இசைத்தட்டுகளில் பிரையனின் பெயர் மட்டுமே இருந்தது. பெர்ரியின் பதிப்பாளர்கள் உரிமை கோரியதும், குழுவின் நிர்வாகியாக இருந்த பிரையனின் அப்பா பாடலின் உரிமையை அவர்களுக்கே எழுதிக்கொடுத்தார்.

அந்தப் பாட்டு அமெரிக்க வானொலிகளில் ஓடி மூன்றாம் இடம் வரை ஏறியபோது சக் பெர்ரி சிறையில் இருந்தார். 1962 பிப்ரவரி முதல் 1963 அக்டோபர் வரை. வழக்கு அழகானதல்ல, பதினான்கு வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்து வந்த குற்றம். முதல் விசாரணையில் நீதிபதியின் இனவெறிப் பேச்சு காரணமாகத் தீர்ப்பு ரத்தானது, மறுவிசாரணையிலும் தண்டனை உறுதியானது. பெர்ரியைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு கறுப்பர் கம்பிக்குள் இருக்க, அவருடைய மெட்டில் ஒரு நாடே கடலுக்குப் போனது என்ற காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

இதோடு விட்டிருந்தால் இது இசைத்துறையின் வழக்கமான திருட்டுக் கதை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெயர்: மன்ஹாட்டன். நியூயார்க் அல்ல, ஹாத்தோர்னுக்கு மிக அருகில் இருக்கும் மன்ஹாட்டன் பீச்.

1912இல் அங்கே வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் கடலோரமாக ஒரு மனை வாங்கினார். அவரும் கணவர் சார்ல்ஸும் அங்கே ஒரு சிறிய உல்லாச விடுதியைக் கட்டியெழுப்பினார்கள். உடை மாற்ற அறைகள், சாப்பாட்டுக் கடை, ஆடுவதற்குக் கூடம். கறுப்பர்கள் தைரியமாகக் கால் நனைக்கக்கூடிய இடம் அந்தக் கரையில் வேறெங்கும் அநேகமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் நீச்சலுடையில் தோள்மேல் கைபோட்டு நிற்கிறார்கள். பீச் பாய்ஸ் பாட்டில் வரும் அத்தனையும் அந்தப் படங்களில் இருக்கிறது, நாற்பது வருடம் முன்பே.

அக்கம்பக்கத்து வெள்ளையர்களுக்குப் பொறுக்கவில்லை. மிரட்டல், தொந்தரவு, கு கிளக்ஸ் கிளான். எதற்கும் அவர்கள் அசையவில்லை என்றதும் 1924இல் நகர மன்றம் சட்டத்தைக் கையில் எடுத்தது. பூங்கா அமைக்க வேண்டும், பொதுநலம் என்று சொல்லி நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. புரூஸ் குடும்பத்துக்கு 14,500 டாலர் கிடைத்தது. கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவசரமாகத் தேவைப்பட்ட அந்தப் பூங்காவோ பல பத்தாண்டுகள் வரவேயில்லை. இடம் சும்மா கிடந்தது.

பிரையன் ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொண்டபோது புரூஸ் கடற்கரை என்ற பெயர் வரைபடத்தில் இல்லை. அந்தக் காதலியின் சகோதரனுக்கும் அப்படி ஒரு இடம் இருந்தது தெரிந்திருக்காது. பிரையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயதுப் பையன், தான் பயந்த கடலைப் பற்றித் தன் தம்பிக்காகப் பாட்டு எழுதினான், அவ்வளவுதான். ஆனால் வெறும் ஊர்ப் பெயரைச் சொல்வதே சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அங்கே போனால் உன்னை யாரும் விரட்டக்கூடாது. அந்த நிபந்தனை பாட்டில் கேட்காது.

அதே 1963 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸியில் கறுப்பர்கள் கடற்கரைக்குப் போனார்கள், போராட்டமாக. மருத்துவர் கில்பர்ட் மேசன் தலைமையில் நடந்த மூன்றாவது முயற்சி அது. 1960இல் போனபோது சங்கிலியும் தடியுமாக ஒரு கும்பல் காத்திருந்து அடித்தது. நடப்பதற்கும் நனைவதற்கும் அவ்வளவுதான் கூலி. நீதிமன்றம் அந்தக் கரையை எல்லாருக்கும் திறந்துவிட 1968 ஆனது.

கடலுக்குப் போக முடியாதவர்களின் கோடை எங்கே இருந்தது? தெருவில் இருந்தது. டெட்ராய்ட்டில் வெயில் தாங்காத பிள்ளைகள் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு அதில் ஆடுவதை மோடவுன் நிறுவனத்தின் மிக்கி ஸ்டீவன்சன் பார்த்தார். அந்தக் காட்சியிலிருந்து அவரும் மார்வின் கேயும் ஐவி ஜோ ஹண்டரும் சேர்ந்து எழுதியதுதான் 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்'. 1964 கோடையில் மார்த்தா அண்ட் த வாண்டெல்லாஸ் பாடி வெளிவந்து இரண்டாம் இடம் வரை போனது. கேட்டுப் பாருங்கள், இதுவும் ஊர்ப் பட்டியல்தான்! சிக்காகோ, நியூ ஆர்லியன்ஸ், ஃபிலடெல்ஃபியா. கடற்கரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கறுப்பர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த நகரங்கள்.

கொஞ்ச காலத்தில் அந்தப் பட்டியலில் உள்ள நகரங்கள் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வர ஆரம்பித்தன. பாட்டுக்குள் ரகசிய அழைப்பு இருக்கிறது என்று பலர் நம்பினார்கள். அது வெறும் கொண்டாட்டப் பாட்டு என்று மார்த்தா ரீவ்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். 1967 ஜூலையில் டெட்ராய்ட்டே எரிந்தது. 43 பேர் இறந்தார்கள். அன்று ஃபாக்ஸ் அரங்கில் மேடையில் இருந்த ரீவ்ஸ், வெளியே கலவரம், அமைதியாக வீடு போய்ச் சேருங்கள் என்று ரசிகர்களிடம் தாமே சொல்ல வேண்டியிருந்ததாக நினைவுகூர்ந்திருக்கிறார். தெருவில் ஆடக் கூப்பிட்டவரே தெருவில் நிற்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்த இரவு.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் மாமாக் கடையில் உட்கார்ந்து சொன்னேன். "பாட்ட பாட்டா கேளு லா. எல்லாத்துலயும் சோகத்தத் தேடாத" என்றான். நியாயம்தான். நான் இன்னும் கேட்கிறேன். அந்த முதல் கிட்டார் வெட்டு வந்ததும் கால் தானாக ஆடுகிறது. போர்ட்டிக்சன் உப்புக் காற்றும், சித்தி வாழையிலையில் கட்டிவந்த புளிச்சோறும் வந்துவிடுகின்றன. எந்த வரலாறும் அதை என்னிடமிருந்து பிடுங்கவில்லை. மன்ஹாட்டன் என்ற சொல் வரும் இடத்தில் மட்டும், ஒரு நொடி, நீச்சலுடையில் நிற்கும் அந்தக் கறுப்புக் குடும்பங்கள் தெரிகின்றன.

2022இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டம் அந்த நிலத்தைப் புரூஸ் குடும்பத்தின் வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடமே அவர்கள் அதை ஏறக்குறைய இரண்டு கோடி டாலருக்கு மாவட்டத்துக்கே விற்றுவிட்டார்கள். நிலத்தை விட்டிருக்கக் கூடாது என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அந்த விடுதி போய் நூறு வருடம் ஆகப்போகிறது, வெறும் மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெர்ரி சிறையில் சும்மா இருக்கவில்லை. அங்கே எழுதிய பாடல்களில் ஒன்று 'ப்ராமிஸ்ட் லேண்ட்', 1964இல் வெளியானது. மெட்டு 'வாபாஷ் கேனன்பால்' என்ற பழைய ரயில் பாட்டுடையது. இரவல் வாங்குவதில் அவரும் சளைத்தவரல்ல. ஓர் ஏழைப் பையன் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போகிறான். வழியில் பர்மிங்காமில் பேருந்து நின்றுவிடுகிறது. 1961இல் சுதந்திரப் பயணிகள் அடிவாங்கிய ஊர் அது. பயணப் பாதையைச் சரிபார்க்க ஒரு சாலை வரைபடம் கிடைக்கச் சிறையில் படாத பாடு பட்டதாகப் பெர்ரி தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கைதி கையில் வரைபடம் கொடுத்தால் தப்பி ஓடிவிடுவானே என்ற பயம் அவர்களுக்கு.

அதனால் இந்தப் பாட்டிலும் ஊர் ஊராக வருகிறது. பஸ், ரயில், கடைசியில் விமானம். லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியதும் அவன் செய்யும் முதல் காரியம் கடலைத் தேடிப் போவதல்ல. ஊருக்கு ஃபோன் போடுகிறான், வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல.

போன மாதம் சித்தியை மருத்துவப் பரிசோதனைக்குக் காரில் அழைத்துப் போகும்போது இதைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுவும் ஊர் பேராத்தான் சொல்றான்" என்றார். பிறகு, "ஆனா இவன் எங்கயோ போறான்டா" என்றார்.