பொம்மையும் வரலாறு பேசும்

வரலாறு என்றவுடன் கோட்டைகளையும் கொத்தளங்களையும் செப்பேடுகளையும் நாடிச் செல்வது நம் வழக்கம். மன்னர்களின் கையிலிருந்த வாளைப் பற்றி ஏடு ஏடாக எழுதி வைத்தோம். அம்மன்னர்களின் குடிமக்கள் தம் குழந்தைகளின் கையில் எதைக் கொடுத்து அழுகையை அமர்த்தினார்கள் என்பதை எழுத மறந்தோம். கோட்டை இடிந்தாலும் கல் எஞ்சும். குழந்தை வளர்ந்த பின் பொம்மைக்கு வீட்டில் இடமில்லை. ஆதலால் மக்கள் வாழ்வின் சான்றுகளுள் முதலில் அழிவது பொம்மையே எனலாம்.

இன்று உலகின் பல நாடுகளிலும் நாற்பது, ஐம்பது வயது கடந்தவர்கள், தாம் சிறுவராயிருந்தபோது கையில் வைத்து ஆடிய வண்ண வண்ணப் பொம்மைகளைத் தேடிச் சேர்க்கின்றனர். கைகால் மடங்கும் பிளாஸ்டிக் வீரன் ஒருவனுக்காகப் பெரும் பொருள் செலவிடுவோரும் உளர். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைப்பவர் ஒருபுறம். உருவப் பொம்மை நம் மார்க்கத்துக்குப் பொருந்துமோ என்று ஐயுறுபவர் மறுபுறம். அந்த ஐயத்தை முதலில் நோக்கிவிட்டு வரலாற்றுக்குள் நுழைவது முறையாகும்.

மதீனத்து மனையில் ஒரு சிறகுக் குதிரை

அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் இளம் பருவத்தில் தோழியருடன் பொம்மை வைத்து விளையாடியதைப் புகாரி ஷரீபு கூறுகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டினுள் வரக் கண்டு தோழியர் நாணி ஒளிந்துகொள்வார்களாம். அண்ணலாரோ அவர்களை அழைத்து மீண்டும் அன்னையாருடன் விளையாட அனுப்பி வைப்பார்களாம்.

அபூதாவூதில் இன்னொரு செய்தி உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பிய சமயம். காற்றில் திரை விலக, அன்னையாரின் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றினிடையே கந்தைத் துணியால் இரு சிறகுகள் வைத்த குதிரை ஒன்று நின்றது. குதிரைக்குச் சிறகும் உண்டோ என்று அண்ணலார் வினவ, சுலைமான் நபி (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைக் கேள்வியுற்றதில்லையோ என்று அன்னையார் மறுமொழி பகர்ந்தார்கள். அதுகேட்டு அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள்.

ஆஷூரா நோன்பன்று பசியால் அழும் சிறாருக்கு மதீனத்துத் தாய்மார்கள் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை போக்குக் காட்டிய செய்தியும் ஹதீதுகளில் காணப்படுகிறது. அங்கே கம்பளியைக் குறிக்க வரும் ‘இஹ்ன்’ என்னும் அரபுச் சொல்லுக்குச் சாயம் தோய்த்த கம்பளி என்றே மொழி வல்லார் பலர் பொருள் கூறுவர். வண்ணப் பொம்மை நம் வரலாற்றுக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இச்செய்திகளைக் கொண்டு, குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு இமாம்களில் பெரும்பாலோர் விலக்களித்துள்ளனர். முழு உருவம் கூடாது என்று தடுத்தவர்களும் உளர். உருவங்களை அலங்காரத்துக்காக மாடத்தில் நிறுத்தி வைப்பது வேறு கேள்வி. அதில் ஆலிம்களின் தீர்ப்பு கண்டிப்பானது. விளையாட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

சங்ககிரியும் சென்னபட்டணமும்

திருச்செங்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் சங்ககிரிக் கோட்டை நிற்கிறது. பழைய சேலம் மாவட்டத்தின் இப்பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கும்பெனியார் கைக்குப் போயின. திப்புவின் பக்கம் நின்று போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டதும் இச்சங்ககிரியில்தான். இவையெல்லாம் நம் பிள்ளைகள் பாடத்தில் படிப்பவை.

அதே திப்புவின் பெயரோடு ஒரு பொம்மை வரலாறும் பிணைந்து கிடப்பதைப் பலர் அறியார். பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, அரக்கு வண்ணம் ஏற்றும் மரக்கடைசல் கலையை அவ்வூராருக்குத் திப்பு பயிற்றுவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் நுட்பங்களைக் கொண்டுவந்து அத்தொழிலை வளர்த்தார் என்று அவ்வூரார் போற்றுவர். முஸ்லிம் குடும்பங்கள் பல இன்றளவும் அத்தொழிலில் ஈடுபட்டுள்ளன.

அவ்வேலையின் நேர்த்தி கேட்கத்தக்கது. வெட்பாலை மரத்தை வெட்டி, ஈரம் போக உலர்த்துவர். வெண்மையும் மென்மையும் உடைய அம்மரம் கடைசலுக்கு இசைந்து கொடுக்கும். பட்டறையில் மரத்துண்டு சுழலும்போது உளியால் வடிவம் கடைவர். வடிவம் வந்தபின் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அதன்மேல் தாழை மடலை அழுத்திப் பிடிக்க, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு எழும். மஞ்சள், அவுரி போன்ற இயற்கைப் பொருள்களிலிருந்து எடுத்த சாயங்களே அக்கலையின் பழைய வண்ணங்கள். தூரிகை தொடாத அவ்வண்ணம் எளிதில் உரிவதில்லை.

திப்புவின் அரண்மனையில் இருந்த இன்னொரு வண்ண மரப்பொறியையும் ஈண்டு நினைவுகூரலாம். ஒரு வெள்ளைக்காரனைக் கீழே தள்ளிக் கடிக்கும் புலி அது. கைப்பிடியைச் சுழற்றினால் வீழ்ந்தவனின் கை அசையும்; அவன் முனகுவான்; புலி உறுமும். புலியின் வயிற்றுக்குள் ஓர் இசைக்கருவியும் உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இலண்டனுக்குக் கொண்டு சென்றனர். இன்று அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. வென்றவன் எடுத்துப் போன பொறிக்கு இருநூறாண்டுக் காவல் கிடைத்தது. சென்னபட்டணத்துப் பட்டறையிலிருந்து எளிய வீடுகளுக்குச் சென்ற கிலுகிலுப்பைகளை யார் காத்து வைத்தார்கள்?

அச்சில் வார்த்த வீரர்கள்

மரத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்த கதையை இனிக் காண்போம். 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்ற போர்வீரனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்று சொன்னால் பையன்கள் வாங்க நாணுவார்கள் என்றெண்ணி, ‘செயல் வீரன்’ என்னும் பொருள்படப் புதுப் பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். ஓரடி உயரமிருந்த அவ்வீரன், 1982இல் ஏறத்தாழ நான்கு அங்குல உயரத்துக்குச் சுருங்கி மறுபடியும் வந்தான். அதே 1982இல் மாட்டல் நிறுவனம் ‘ஹீ-மேன்’ கூட்டத்தாரை வெளியிட்டது. பச்சைப் புலியும் நீல உடல் வில்லனுமாக, இயற்கையில் காணாத வண்ணங்களெல்லாம் குழந்தைகளின் கைக்கு வந்தன.

இவ்வீரர்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தார்கள். 1987இல் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனம், ஹாஸ்புரோவின் கூட்டோடு ‘ஃபன்ஸ்கூல்’ என்னும் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கி, கோவாவில் தொழிற்சாலை நிறுவியது. அமெரிக்காவில் பயன்பட்ட அச்சுகள் இங்கு வந்தன. அவற்றில் வார்த்த வீரர்களுக்கு இங்குள்ளவர்கள் வண்ணம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மங்கிய பச்சையில் வந்த வீரன் இங்கே பளிச்சென்ற மஞ்சளிலும் நீலத்திலும் வந்தான். ஒருவனின் தலையை இன்னொருவனின் உடலோடு பொருத்தியதும் உண்டு.

அன்று அதனைக் குறை என்று கருதியவர்கள் இருந்திருக்கலாம். இன்றோ அந்த வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மைகளைத் தேடுகின்றனர். எந்த வண்ணம் எந்தத் தொழிற்சாலையுடையது, எந்தக் கை எந்தத் தோளுக்குரியது என்று ஆராய்ந்து அட்டவணையிடுகின்றனர். பொம்மையின் உடலில் பொறித்துள்ள ஆண்டு, அவ்வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டேயன்றி அப்பொம்மை வார்க்கப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை என்ற நுட்பத்தையும் அவர்கள் கண்டறிந்துள்ளனர். கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிக்கும் அறிஞரின் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. நம் நாட்டுத் தொழிலாளர் தீட்டிய வண்ணத்தை அயலார் ஆராய்ந்து போற்றுகின்றனர். நாமோ அதே பொம்மையைப் பழைய இரும்புச் சாமானோடு எடைக்குப் போட்டோம்!

காவலர் இல்லாத கலை

திருச்செங்கோட்டுக்குக் கைத்தொழிலின் அருமை தெரியாததன்று. 1925இல் இராஜாஜி அவர்கள் இவ்வூருக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கையால் நூற்று நெய்யும் தொழிலுக்கு உயிரூட்டினார். பின்னாளில் விசைத்தறிகள் பெருகின. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகி, திருச்செங்கோடு அதில் சேர்ந்தது. இன்று இவ்வூரின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் செல்கின்றன. கதருக்குக் காவலர் கிடைத்தார். பொம்மைக்கு அத்தகைய காவலர் எவரும் வாய்க்கவில்லை.

வைகாசித் தேர்த் திருவிழாவின் கடைத்தெருவிலும், நாகூர்க் கந்தூரிக்குப் போய் வந்தவர்களின் பையிலும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த சாமான்கள் எத்தனை! மரச் சொப்பு, பம்பரம், நடைவண்டி, தகரத் தவளை, பிளாஸ்டிக் வீரன் என ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வண்ணம் உண்டு. வீடு மாற்றும்போதும் பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும் இவை குப்பைக்குப் போகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த பொம்மைகளும் அவ்வாறே போயின. தந்தையின் முகத்தை ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோ கண்ட பிள்ளைக்கு, அப்பொம்மை தந்தையின் கைச்சூடு. நம் சமுதாயத்தின் அயல்நாட்டுப் பிழைப்பு வரலாற்றை எழுதப் புகுவோர், கடவுச்சீட்டையும் கடிதங்களையும் தேடுவார்கள். அப்பொம்மையும் ஓர் ஆவணம் அன்றோ?

தேய்ந்த பொம்மையின் மதிப்பு

சேகரிப்பவர்களின் சந்தையில் ஒரு விதி உண்டு. பெட்டி பிரிக்காத பொம்மைக்கே உயர்ந்த விலை. விளையாடித் தேய்ந்ததற்கு விலை குறைவு. வணிகருக்கு அது சரியாக இருக்கலாம். வரலாற்றை நாடும் நமக்கு அவ்விதி தலைகீழாக மாறும். பிரிக்காத பெட்டி தொழிற்சாலையின் கதையை மட்டுமே சொல்லும். கை முறிந்து நூலால் கட்டப்பட்ட வீரன், தாய் ஒருத்தியின் பொறுமையைச் சொல்வான். ஓரம் தேய்ந்த சொப்பு, அக்காள் விளையாடித் தங்கைக்குக் கொடுத்த வரிசையைச் சொல்லும். ஒருபக்கம் வண்ணம் போன கிலுகிலுப்பை, எத்தனை குழந்தைகளுக்குப் பல் முளைத்தது என்று சொல்லும். சிறகு வைத்த அக்குதிரையை அழியாப் புகழ் பெறச் செய்தது அதன் விலையா? கந்தைத் துணியும், ஒரு சிறுமியின் கற்பனையும், அதைக் கண்டு மலர்ந்த ஒரு திருமுகத்தின் சிரிப்புமே அல்லவா!

ஆதலால் நம் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. பெரும்பொருள் கொடுத்துப் பழம்பொம்மை வாங்கிக் குவிக்க வேண்டா. வீண் விரயத்தை மார்க்கம் விரும்பவில்லை. வீட்டில் எஞ்சியிருப்பவற்றுள் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுங்கள். மாடத்தில் நிறுத்தாமல் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். மேலே நாம் குறித்த மார்க்க வேறுபாட்டுக்கும் இது இசையும், வெயிலில் வண்ணம் வெளுக்காமலும் காக்கும். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன விலைக்கு, யார் விளையாடியது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அத்தாள் இல்லையேல் அது வெறும் பழம்பொருள். தாள் இருந்தால் அது குடும்ப வரலாறு. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், வாயில் வைத்துச் சுவைக்கும் பருவத்துக் குழந்தையிடம் அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

அக்குழந்தைக்குப் புதியதொன்று வாங்கிக் கொடுங்கள். 2021ஆம் ஆண்டு தொடக்கம் முதல் பொம்மைகளுக்குத் தரச்சான்று நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். சென்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. பட்டறையில் அமர்ந்து கடைபவர்களின் பிழைப்பு, நாம் கடையில் கேட்டு வாங்கும் ஒரு சொல்லில் இருக்கிறது. பழைய பொம்மையைக் காப்பது நேற்றைய கைகளுக்குச் செய்யும் மரியாதை. கைவினைப் பொம்மையை வாங்குவது இன்றைய கைகளுக்குச் செய்யும் உதவி. இரண்டும் நம் வீடுகளில் நடைபெற எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!