அமத்துல் அஸீஸ் என்னும் ஸுபைதா: செல்லப்பெயரின் வரலாறும் இலக்கணமும்

ஹஜ் பயண வரலாற்றைப் படித்தோரில் ஸுபைதா அம்மையாரை அறியாதார் அரிது. கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாலைவழியில் குளங்களும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைய வாரி வழங்கியவர். தண்ணீருக்குத் தவித்த மக்காவுக்கு மலைகளினூடே நீர் கொணர்ந்தவர். அவ்வழி 'தர்பு ஸுபைதா' என்றும், அந்நீர் 'ஐனு ஸுபைதா' என்றும் இன்றளவும் வழங்குகின்றன. ஆயினும் ஸுபைதா என்பது அவருடைய இயற்பெயர் அன்று. அமத்துல் அஸீஸ் என்பதே அவர் பெயர். 'யாவற்றையும் மிகைத்தோனின் அடியாள்' என்பது அதன் பொருள்.

அப்பாஸியக் கலீஃபா அபூ ஜஅஃபர் அல்மன்ஸூரின் மகன் ஜஅஃபருக்குப் பிறந்தவர் அவர். பாட்டனார் பேத்தியைக் கையிலேந்தித் துள்ளவிட்டுக் கொஞ்சும்போது, அவருடைய கொழுகொழுப்பையும் வெண்மையையும் கண்டு 'ஸுபைதா' என்று அழைத்தார் என வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (இறப்பு ஹிஜ்ரி 681 / கி.பி. 1282) எழுதுகிறார். 'ஸுப்தா' என்றால் வெண்ணெய். 'ஸுபைதா' என்றால் சின்ன வெண்ணெய் உருண்டை. ஹிஜ்ரி 158இல் (கி.பி. 775) மன்ஸூர் மறைந்தபோது பேத்தி சிறுமியே. கொஞ்சியவர் போய்விட்டார், கொஞ்சிய சொல் நின்றுவிட்டது. அச்சிறுமி ஹாரூன் அர்ரஷீதை மணந்து, கலீஃபா அமீனின் தாயாகி, ஹிஜ்ரி 216இல் (கி.பி. 831) மறைந்தார். பழைய நூல்கள் அவரை 'உம்மு ஜஅஃபர்' என்னும் குன்யத்தாலும் குறிக்கின்றன. எனினும் கி.பி. 1326இல் அவ்வழியே ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய இப்னு பதூதா, குளங்களையும் கிணறுகளையும் கண்டு நன்றியோடு குறித்த பெயர் ஜஅஃபரின் மகள் ஸுபைதா என்பதே.

மடியில் பிறந்த ஒரு சொல், முறைப்படி இட்ட பெயரை இவ்வாறு முற்றிலும் மறைத்துவிட்டது. பொருள் ஆழமும் இலக்கிய நயமும் மிக்க பெயர்களைத் தேடித் தேடிப் பெண்மக்களுக்குச் சூட்டிவிட்டு, மறுநாளே அவற்றைச் சுருக்கி அழைக்கத் தொடங்கும் இக்காலத்தில், இவ்வரலாறு நம்முன் ஒரு வினாவை வைக்கிறது. பெயரைச் சுருக்குவது பெயருக்குச் செய்யும் குறையா? குறையன்று எனில், அதற்கு வரம்பு உண்டா?

முன்மாதிரியும் வரம்பும்

முதல் வினாவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே விடை கிடைக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு வானவர் ஜிப்ரீல் (அலை) ஸலாம் உரைப்பதை அறிவித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் 'ஆயிஷ்' என்று ஈறு குறைத்து விளித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. அன்னையாருக்கு மக்கட்பேறு இல்லை. எனினும் தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்னும் குன்யத்தை அவர்கள் பெற்றார்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான ஒரு சிறுவரைப் பெருமானார் (ஸல்) 'அபூ உமைர்' என்று அழைத்ததும், அவர் வளர்த்த சிறு பறவையின் பெயரை அதற்கு எதுகையாக அமைத்து நலம் உசாவியதும் யாவரும் அறிந்ததே. குழந்தைக்கு இனிய ஓசையில் ஓர் அழைப்பு வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

வரம்பைத் திருக்குர்ஆன் வகுக்கிறது. ஒருவரையொருவர் பட்டப்பெயரால் இழித்துரைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. ஆகவே செல்லப்பெயர் தடுக்கப்பட்டதன்று. புண்படுத்தும் பெயரே தடுக்கப்பட்டது. மேலும், ஒரு பெயர் அன்றாடப் பேச்சில் எவ்வாறு ஒலிக்கும் என்பதும் பெருமானார் (ஸல்) அவர்களால் கருதப்பட்டது. அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்களின் முந்தைய பெயர் 'பர்ரா'. 'நன்மை நிறைந்தவள்' எனப் பொருள்படும் நல்ல சொல்தான். ஆயினும் 'அவர் பர்ராவிடமிருந்து வெளியேறினார்' என்று பிறர் கூறும்போது, நன்மையை விட்டு வெளியேறியதாகப் பொருள்படுவதை விரும்பாமல் அதனை மாற்றினார்கள். 'ஜுவைரிய்யா' என்பதோ 'சிறுமி' என்று குழைவோடு பொருள்தரும் குறுக்கச் சொல்.

அரபிலக்கணம் காட்டும் வழிகள்

செல்லப்பெயர் அமைப்பதை அரபு மொழியினர் மனம்போன போக்கில் விடவில்லை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸீபவைஹியின் 'அல்கிதாப்' இதனை விரிவாக ஆராய்கிறது. இரு முறைகள் நம் கவனத்துக்குரியன.

முதலாவது 'தஸ்ஃகீர்' என்னும் குறுக்கம். சொல்லின் நடுவே 'உ', 'ஐ' ஒலிகள் புகுந்து அதனைச் சிறிதாக்கும். ஹஸன் என்பது ஹுஸைன் ஆகும். உமர் என்பது உமைர் ஆகும். இக்குறுக்கம் சிறுமையையும் இகழ்ச்சியையும் குறிக்கலாம், அன்பையும் குறிக்கலாம். எது என்பதைச் சொல்பவரின் குரலும் உறவுமே தீர்மானிக்கும். 'ஸுபைதா' இவ்வகையினதே. இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் மகளார் ஸுகைனாவும் இவ்வாறே பெயர் பெற்றார். ஆமினா என்பதே அவருடைய இயற்பெயர் எனக் கூறுவோர் உளர். தாயார் ரபாப் அழைத்த 'ஸுகைனா' என்னும் செல்லப்பெயரே நிலைத்தது. ஹிஜ்ரி 117இல் மறைந்த அவ்வம்மையார், கவிஞர்கள் தம் பாடல்களைத் தீர்ப்புக்குக் கொணரும் அளவுக்கு இலக்கியத் தேர்ச்சி மிக்கவராகப் போற்றப்பட்டார். தாயின் கொஞ்சுமொழி அவருடைய புலமைக்கு எவ்விதக் குறைவையும் உண்டாக்கவில்லை.

இரண்டாவது 'தர்கீம்' என்னும் ஈற்றுக்குறைப்பு. ஆயிஷா 'ஆயிஷ்' ஆவதும், ஃபாத்திமா 'ஃபாத்திம்' ஆவதும் இதன்பாற்படும். இங்கே இலக்கணிகள் கூறும் ஒரு கட்டுப்பாடு சிந்திக்கத்தக்கது. தர்கீம் விளிக்கு மட்டுமே உரியது; செய்யுள் நெருக்கடி தவிரப் பிற இடங்களில் வாராது. நேரே அழைக்கும்போது 'ஆயிஷ்' எனலாம். அவரைப் பற்றிப் பிறரிடம் கூறும்போது 'ஆயிஷா' என்று முழுமையாகவே கூறல் வேண்டும். சுருக்கம் வீட்டுக்கும் உறவுக்கும் உரியது. முழுப்பெயர் சான்றுக்கும் வரலாற்றுக்கும் உரியது என்னும் பாகுபாட்டை ஓர் இலக்கண விதியே காத்து நிற்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

மற்றொன்று: அப்துல்லாஹ், அமத்துல் அஸீஸ் போன்ற தொடர்ப்பெயர்களை ஈறு குறைத்தல் கூடாது என்பர் பஸரா இலக்கணிகள். கூஃபா இலக்கணிகள் இசைந்தனர். அவர்களும் குறைத்தது இரண்டாம் சொல்லின் கடைசி ஒலியையே. முதற்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் சொல்லை அடியோடு விடுவது இரு சாராருக்கும் உடன்பாடன்று. இறைவனின் திருநாமத்தைக் குறுக்குவதும் ஆகாது. உபைதுல்லாஹ் என்னும் பெயரில் குறுகியிருப்பது 'அப்து' என்னும் அடியாரைக் குறிக்கும் சொல்லே. அதுபோல் 'அமத்' என்பதன் குறுக்கம் 'உமைய்யா'. ஆனால் அது கி.பி. 750இல் அப்பாஸியர் வீழ்த்திய குலத்தின் பெயராயிற்றே! மன்ஸூரின் மாளிகையில் பேத்தியைக் கொஞ்ச அச்சொல் பொருந்தியிராது என்பது நம் ஊகம். பெயரிலிருந்து பிறவாத 'ஸுபைதா' அங்கே இடம்பிடித்ததற்கு இதுவும் துணைபுரிந்திருக்கலாம்.

தமிழகத்து வழக்கு

தமிழ் முஸ்லிம்களின் வழக்கை இவ்வொளியில் நோக்குவோம். அரபுப் பெயர்கள் தமிழ் நாவில் உருமாறியது குறையென நாம் கருதவில்லை. ஸைனப் 'செய்னம்பு' ஆனதும், ஃபாத்திமா 'பாத்துமா' ஆகிப் பின் 'பாத்து' ஆனதும், முஹ்யித்தீன் 'மைதீன்' ஆனதும் அயற்சொல்லைத் தன் ஒலியமைதிக்கு ஏற்ப ஏற்கும் தமிழ் மரபின் வழிப்பட்டவை. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அப்பெயர்களைத் தமிழ் யாப்புக்கு இசைய வழங்குகிறது. கீழக்கரை வள்ளல் ஷைகு அப்துல் காதிரின் பெயர் 'சீதக்காதி' எனத் திரண்டது. இதில் எச்சொல்லும் பாதியில் அறுபடவில்லை. முழுப்பெயரும் உருகி ஒன்றாகியது. அதனாலேயே அது கொடைக்கு மறுபெயராய் நிலைக்க முடிந்தது.

இன்றைய சுருக்கங்கள் பலவும் அத்தகையன அல்ல. அமத்துர் ரஹ்மான் 'அமத்துர்' ஆகிறாள்; நூருல் ஹுதா 'நூருல்' ஆகிறாள். 'அளவற்ற அருளாளனின் அடியாள்' என்பதில் அருளாளன் விடுபட்டு, 'அந்த'வைக் குறிக்கும் சுட்டு மட்டும் தொங்குகிறது. 'நேர்வழியின் ஒளி' என்பதில் நேர்வழி போய்விடுகிறது. 'நூர்' என்று நிறுத்தினாலாவது ஒளி என்னும் முழுச்சொல் எஞ்சும். தமிழ் எழுத்தும் ஓர் இடர் தருகிறது. ஃபிர்அவ்னின் துணைவியாரான ஆஸியா (அலை) அவர்களின் பெயரும், உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு இருந்து, 'மாறுசெய்பவள்' எனப் பொருள்பட்டமையால் பெருமானார் (ஸல்) 'ஜமீலா' என மாற்றிய பெயரும் அரபியில் வேறு வேறு எழுத்துகளால் அமைந்தவை. தமிழிலோ இரண்டும் 'ஆஸியா' என ஒன்றாகிவிடுகின்றன. எனவே சுருக்கத்தின் ஒலியை மட்டுமன்றி, அதன் அரபு எழுத்தையும் பொருளையும் அறிந்த பின்னரே தேர்ந்துகொள்வது நலம்.

அரிய பெயர் சூட்டும் பெற்றோர்க்கு இவ்வரலாறு காட்டும் நெறி எளியது. ஒற்றைச் சொல்லாயின் ஆயிஷா போல் ஈறு குறைத்து அழைக்கலாம். தொடர்ப்பெயராயின் பொருள் நிற்கும் இடத்தில் நிறுத்தலாம். இரண்டும் இயையாவிடில், மன்ஸூர் செய்தது போல் குழந்தையின் தோற்றத்திலிருந்து அன்பான ஒரு சொல்லைத் தனியே எடுக்கலாம். எவ்வகையாயினும் வளர்ந்தபின் அவள் அதைக் கேட்டு நாணாதிருத்தல் வேண்டும். முழுப்பெயரும் அதன் பொருளும் அவளுக்குக் கற்பிக்கப்பட்டுப் பள்ளியேட்டிலும் நிக்காஹ் பதிவேட்டிலும் பிழையின்றி எழுதப்படல் வேண்டும்.

நம் ஊர்களில் எத்தனையோ ஸுபைதாக்கள் உளர். வெண்ணெயெனக் கொஞ்சிய சொல் அது என்பதை அறிந்தோர் அவர்களுள் சிலரே. அமத்துல் அஸீஸ் என்னும் பெயரை அறிந்தோர் அதனினும் சிலர். அப்பெயரை இனிப் பிறக்கும் ஒரு மகளுக்குச் சூட்டி, 'ஸுபைதா' என்று கொஞ்சி அழைக்க ஓர் இல்லம் முன்வருமாயின், ஹஜ் பயணிகளின் தாகம் தீர்த்த அவ்வம்மையாரின் இரு பெயர்களும் ஒருசேர வாழும்.