அஞ்சலட்டையில் ஒரு பந்தயத் திடல்

கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் ஆகா. கையகலப் பட அஞ்சலட்டையும் ஒரு சான்றே. அதனைச் சேர்ப்போர் பலர். படிக்கக் கற்றோர் சிலர்.

1869ஆம் ஆண்டில் ஆஸ்திரியா-ஹங்கேரியில் அஞ்சலட்டை பிறந்தது. அது படம் தாங்கி உலகெங்கும் உலவத் தொடங்கிய 1890களில்தான் சிங்கப்பூரில் கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டமும் வேரூன்றியது. நீதிபதி கோல்ட்னியின் முயற்சியால் 1891இல் சிங்கப்பூர் கோல்ஃப் கழகம் தோன்றியது. சிராங்கூன் சாலைக்கு அருகே, 1840களிலிருந்து குதிரைப் பந்தயம் நடைபெற்றுவந்த திடலே அதன் முதல் ஆடுகளம். ஆதலால், அக்கழகத்தின் தொடக்க நாள்களை நாடுவோர் பந்தயத் திடலைக் காட்டும் அட்டைகளையும் தேடுதல் வேண்டும்.

கிடைத்த அட்டையின் காலத்தை அதன் பின்புறமே முதலில் உணர்த்தும். பின்புறம் முழுவதும் முகவரிக்கென விடப்பட்டிருந்தால் அது முந்தியது. செய்திக்கும் முகவரிக்கும் இடையே கோடு இருந்தால் பிந்தியது. இப்பிரிவினைப் பிரிட்டன் 1902இல் ஏற்றது; பிற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் ஏற்றன. அஞ்சல் முத்திரையோ அட்டை அனுப்பப்பட்ட நாளைக் கூறுமேயன்றிப் படம் எடுக்கப்பட்ட நாளைக் கூறாது. பழைய படங்கள் பல்லாண்டு கழித்து அச்சேறுவதும் உண்டு.

காலத்தை ஏன் இத்துணை நுணுகி அறிதல் வேண்டும்? திடலின் வாழ்வு மாறிக்கொண்டே வந்தது. 1924இல் கழகம் புக்கிட் தீமா வட்டாரத்திற்குப் பெயர்ந்தது. 1933இல் குதிரைப் பந்தயமும் அங்கிருந்து அகன்றது. ஃபேரர் பூங்கா எனப் பெயர்பெற்ற அதே இடத்தில், 1942 பிப்ரவரி 17ஆம் நாள், சரணடைந்த பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அங்கே ஊன்றப்பட்டது. வெள்ளையர் பந்தடித்து மகிழ்ந்த புல்வெளி, ஓராண்டு பிழைபடக் குறிக்கப்படினும் வேறொரு கதை சொல்லிவிடும்.

1963இல் அக்கழகம் ஐலண்ட் கிளப்புடன் இணைந்து சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஆயிற்று. பழைய ஆட்டக்காரர் பெயர்களைக் கழக ஏடுகள் காக்கும். ஆயின் புல் வெட்டியவர், பந்துப்பை சுமந்த சிறுவர் ஆகியோரின் பெயர்களை எந்த ஏடு காக்கும்? படத்தின் ஓரத்தில் மங்கலாய் நிற்கும் உருவமே அவர்கள் வாழ்ந்தமைக்குச் சான்றாகலாம். ஓரத்தை வெட்டி ஒட்டுவோர் அச்சான்றையும் வெட்டி எறிகின்றனர்.

ஆகவே அட்டையை முழுதாய்க் காத்தல், முன்னும் பின்னும் படித்தல், அறிந்ததை ஆண்டுடன் எழுதிவைத்தல் ஆகிய மூன்றும் சேகரிப்போர் கடன். அக்கடனை மாணவர் மேற்கொள்வாராயின், பெயரற்றோர்க்கும் வரலாற்றில் இடம் கிட்டும்.