பொற்கிண்ணமும் சுட்டுவிரலும்

கவிபாடும் ஆற்றல் கற்று வருவதா, அருளால் வருவதா என்னும் வினா மிகப் பழையது. மக்கள் சொல்லால் மட்டுமன்றிச் செம்பாலும் வண்ணத்தாலும் இதற்கு விடை கூற முயன்றுள்ளனர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் 'பரோக்' என்னும் ஓவிய நெறி ஓங்கியிருந்தது. கண்ணுக்குப் புலனாகாக் கருத்துகளை மனித வடிவில் தீட்டுவது அக்கால ஓவியர் வழக்கம். எக்கருத்துக்கு எவ்வுருவம் என்பதைச் செசாரே ரீப்பா என்னும் இத்தாலியர் 1593இல் நூலாகத் தொகுத்தார். அதில் கவிதை, விண்மீன் பொறித்த நீல ஆடையும் பால் நிறைந்த கொங்கைகளும் உடைய நங்கை. பால் கற்பனை வளத்தைக் குறிக்கும் என்பது அவர் விளக்கம்.

உரோமாபுரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா பூசான் (1594–1665) இப்பொருளை மீண்டும் மீண்டும் தீட்டினார். மாட்ரிட் பிராதோ காட்சிசாலையிலுள்ள ஓவியத்தில், அப்பொல்லோ தேவன் மண்டியிட்ட புலவனுக்குக் கிண்ணத்தில் அமுதம் அளிக்கிறான். பாரிசு லூவர் காட்சிசாலையிலுள்ள ஓவியத்திலோ, புலவன் எழுதுகோலுடன் வானை நோக்க, அப்பொல்லோவின் கை அவனுடைய ஏட்டைச் சுட்டுகிறது.

பாலும் கிண்ணமும் சுட்டும் கையும் தமிழர்க்குப் புதியன அல்ல. சீகாழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டிய வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்தார். சீகாழியில் இன்றும் சித்திரையில் திருமுலைப்பால் விழா நிகழ்கிறது.

சோழர் காலச் சிற்பியர் இவ்வரலாற்றைச் செம்பில் வார்த்தபோது, பால் உண்ணும் கணத்தைத் தேர்ந்தாரல்லர். 'யார் தந்த பால்?' எனத் தந்தை கோலோங்கி வினவ, குழந்தை விடை கூறும் கணத்தையே தேர்ந்தனர். ஒரு கையில் கிண்ணம். மறு கையின் சுட்டுவிரல் மேல்நோக்கி நிற்கும். ஆடும் கண்ணன் திருமேனியினின்று ஆடும் சம்பந்தர் திருமேனியைப் பிரித்தறிய உதவுவது இவ்விரலே. நால்வர் வரிசையில் சம்பந்தர் பெரும்பாலும் தாளம் ஏந்தி நிற்பதால், இக்குழந்தைக் கோலத்தின் பொருளைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை.

பூசானின் தேவன் புலவனது ஏட்டைச் சுட்டுகிறான். சீகாழிக் குழந்தையோ கொடுத்தவரைச் சுட்டுகிறது. அங்கே படைப்புக்குப் பெருமை; இங்கே அருளுக்குச் சான்று.

எனினும், அருளால் பாடியவர் தம்மை மறைத்துக்கொண்டார் என எண்ணுதல் தவறு. சம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரைப் பொறித்துச் செல்வது வழக்கம். லூவர் ஓவியத்து நூல்களில் பெருங்காவியங்களின் பெயர்கள் உள்ளன, புலவனுக்கோ பெயரில்லை. பெற்றது பிறர் கொடை. பாடியதற்குப் பொறுப்போ தமது. அவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றதே அப்பிள்ளையின் பெருமை.