இளவரசர் ஜெம்மின் காப்புச் சட்டை

போருக்குச் செல்லும் அரசரும் தளபதியரும் கவசத்தினுள்ளே மற்றொரு காப்பையும் அணியும் வழக்கம் முற்காலத்தில் துருக்கி, ஈரான், இந்தியா ஆகிய நாடுகளில் இருந்தது. மெல்லிய துணியில் தைத்த சட்டையே அக்காப்பு. அதன்மீது திருக்குர்ஆன் வசனங்களும், இறைவனின் திருநாமங்களும், எண்கள் நிறைந்த கட்டங்களும் மையாலும் பொன்னாலும் எழுதப்பெற்றிருக்கும்.

நபி யூசுப் (அலை) அவர்கள் அனுப்பிய சட்டையை முகத்தில் இட்டதும், தந்தையார் யாகூப் நபி அவர்கள் இழந்த பார்வையை மீண்டும் பெற்றார்கள் எனத் திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஆடையும் அருளைத் தாங்கி வரும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வரலாறு துணை நின்றது எனலாம். ஆயினும், காப்பவன் இறைவனேயன்றித் துணியன்று எனக் கூறி இவ்வழக்கத்தை மறுத்த மார்க்க அறிஞரும் உண்டு.

எண் கட்டங்களுள் எளியது ஒன்பது அறைகள் கொண்டது. 1 முதல் 9 வரையுள்ள எண்களை அதில் முறைப்படி நிரப்பினால், எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டாதலால், கணிதமே வேண்டுதலாகவும் அமைந்தது.

இத்தகைய சட்டைகள் பல இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது, கான்ஸ்டாண்டிநோபிளை 1453-இல் வென்ற சுல்தான் இரண்டாம் முகம்மதின் மைந்தர் ஜெம்முக்காகச் செய்யப்பட்டது. சூரியன் மேட இராசியில் 19-ஆம் பாகையில் நின்ற நல்வேளை பார்த்து, 1477 மார்ச்சு 30-இல் பணி தொடங்கிற்று. 1480 மார்ச்சு 29-இல் நிறைவுற்றது. இவ்விவரம் சட்டையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் ஆடைக்கு மூன்றாண்டு உழைப்பு! எழுத்தரின் கைத்திறனும் சோதிடரின் கணிப்பும் அதில் ஒன்றுகூடின.

அடுத்த ஆண்டே, 1481-இல், சுல்தான் மறைந்தார். அரியணைக்காகத் தமையனார் பாயசீதுடன் பொருத ஜெம் தோல்வியுற்றார். 1482-இல் ரோட்ஸ் தீவின் கிறிஸ்தவ வீரரிடம் அடைக்கலம் புகுந்தவர், பின்னர் பிரான்சிலும் ரோமிலும் சிறைக்கைதி போலவே வைக்கப்பட்டார். 1495-இல் இத்தாலியில் உயிர் நீத்தார். அவரது உடல் 1499-இல் புர்சா நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

எந்த அரண்மனையில் அமர்ந்து ஆள விரும்பினாரோ, அங்கே அவர் திரும்பவில்லை. அவருக்காக எழுதப்பட்ட சட்டையே இன்று அங்கே இருக்கிறது. அது வெற்றி தரவில்லை. ஆனால், வாளையும் படையையும் உடைய அரசகுலத்தாரும் உள்ளத்தில் எவ்வளவு அஞ்சினர், எதை நம்பினர் என்பதைப் போர்க்குறிப்புகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.